தெருவைப் பார்த்த வாசல்

இங்கே லீட்ஸில் ஒரு வீட்டை இடிப்பதென்றால் முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஜனங்கள் தேநீர்க் கோப்பையோடு எதிரே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கிரேனில் தொங்கிய இரும்புக் குண்டு சுவரில் மோதியதும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா என் கையைப் பிடித்து, "உங்கள் வீடா?" என்றாள். "நான் கட்டியது" என்றேன், வேறொன்றை நினைத்துக்கொண்டு. அவள் அந்த நூறு வருஷத்துச் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சென்னையில் கட்டடக்கலை ஆசிரியர். சொந்த ஊர் தென்காசி. ஒரு கோடை விடுமுறையில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் சாலைக்கு வந்தேன். சிற்றாற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் குடிசையைப் பறிகொடுத்த வயல்கூலிக் குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில் செங்கல் வீடுகள் கட்டினோம். நான் வரைந்தேன், மாணவர்களும் அந்தக் குடும்பங்களும் மண் சுமந்தார்கள். வாசல்களை ஊர்த்தெருவைப் பார்த்து வைத்தோம். அந்தத் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

தெருவின் பெரிய நிலக்காரரான என் சித்தப்பா வந்தார். "ஏலே, அவனுவ வாசல் நம்ம தெருவப் பாத்தா இருக்கும்? அங்கன ஆத்தப் பாத்துத் திருப்பு."

"அந்தப் பக்கம் மழைக்காத்து அடிக்கும், சித்தப்பா."

"இந்தப் பக்கம் ஆளு வந்து அடிக்கும்லே."

சொன்னபடியே அவர் ஆட்கள் வந்தார்கள். சாரல் தூறிய ஒரு நண்பகலில், கடப்பாரையும் அரிவாளுமாக. சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அந்த வீடுகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரியான மாடத்தி தன் வாசல் நிலையைக் கட்டிப்பிடித்து நின்றாள். கடப்பாரை அவள் முழங்கையில் இறங்கியது. அத்தனை இரைச்சலிலும் எலும்பு முறிந்தது தனியாகக் கேட்டது. தடுக்க ஓடிய என்னை, ஒரே தட்டில் தின்று வளர்ந்த சித்தப்பா மகன் செங்கல்லால் வாயில் அடித்தான். ரத்தத்தோடு பற்களைத் துப்பினேன்.

ஆஸ்பத்திரியில் மாடத்தி கேட்டாள்: "வாசல மாத்திருவியளா ஐயா?"

"நீ சொல்லு."

"மாத்தக் கூடாது. கை ஒடிஞ்சது எனக்குல்லா."

போலீஸ் காவலோடு, அதே திசையில், திரும்பக் கட்டினோம். நான் சாட்சி சொன்னேன். சித்தப்பா மகன் ஜெயிலுக்குப் போனான். அப்பா என்னை வீட்டுப் படியேற விடவில்லை. கல்லூரியும் என்னை வேண்டாமென்றது. கப்பலேறினேன். இங்கேயும் கற்பிக்கிறேன், வரைகிறேன், வீடிழப்பவர்களின் கூட்டங்களுக்கு மாணவர்களோடு போகிறேன்.

போன வருஷம் தென்காசி போயிருந்தேன். எங்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. மாடத்தி வீட்டுக்குப் போனேன். வளைந்து கூடிய கையால் காப்பி கொடுத்தபடி, "ஊருக்கு எப்பம் போறிய ஐயா?" என்றாள்.

அவள் சொன்னது லீட்ஸை. விடுமுறை நெருங்கினால் லீட்ஸ் மாணவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், தென்காசியைச் சொல்லி. காப்பியை வாங்கிக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றேன். முகத்தில் அவள் அடுப்பின் சூடு. முதுகை நனைத்துக்கொண்டிருந்தது சாரல்.