மகமையில் ஓடிய ரிக்‌ஷா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு வாங்கியவர்கள். ஆகவே அவர் குணத்தை மறைத்து எழுதிப் பயனில்லை.

ஐயம்பேட்டையில் பிறந்து, பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அப்பா தறியில் உட்கார, அம்மா பட்டு இழைப்பார். மூத்தவளான எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போயின. ஐந்தாம் வகுப்பு வரை தெருக்கோடிப் பள்ளிக்கு என்னை இடுப்பில் சுமந்தார். உயர்நிலைப் பள்ளியோ ஊரின் மறுகோடியில் இருந்தது. அப்பா கொண்டுபோய் விட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். ரிக்‌ஷா வைக்க வசதியில்லை. பெண் படித்தது போதும் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நான் சோறு இறங்காமல் அழுதேன்.

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று சிறு பங்கு எடுத்துவைப்பது எங்கள் தெரு வழக்கம். அதை மகமை என்போம். உற்சவச் செலவு பேச ஆண்கள் கூடியிருந்த அன்று, பெண்கள் போகாத அந்தக் கூட்டத்துக்கு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போனார். என்னைப் போல் நடக்க முடியாத இன்னும் இரண்டு பிள்ளைகள் தெருவில் இருப்பதைச் சொல்லி, மகமையிலிருந்து ரிக்‌ஷா வாடகை கேட்டார். சாமி காசில் கை வைப்பதா என்று நாட்டாண்மை மாமா கோபித்தார்.

"சாமியத் தூக்கறதுக்கு நீ முந்தி நான் முந்தின்னு தோள் குடுக்கறீங்களே மாமா, நாளைக்கு நான் போய்ட்டா இதுங்கள யாரு தூக்குவாங்க?" என்றார் அம்மா.

மாமா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு, இந்த வருஷம் வாணவேடிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

மறுவாரமே ரிக்‌ஷா வந்தது. பள்ளத்தில் இறக்காதே என்று ரிக்‌ஷாக்காரருக்கும், மகமையை மறந்த வீடுகளுக்கும் தினம் அர்ச்சனை நடக்கும். பள்ளி இறுதித் தேர்வு முடித்து நான் வந்த அன்று, அம்மா கட்டிக்கொள்வார் என்று ஆசையாக இருந்தேன். என்னை இறக்கிவிட்டு, "நீ எறங்கிட்டே. உன் எடத்துல யார ஏத்தறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே அடுத்த தெருக்களில் பிள்ளை தேடப் போய்விட்டார்.

அவர் படுக்கையில் கிடந்தபோது மாறி மாறிச் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த மருத்துவருக்கும், மகமையை இன்றும் நிறுத்தாத வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு. நடக்க முடியாத பிள்ளை யார் வீட்டிலாவது படிக்காமல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். இந்த மாதம் ரிக்‌ஷாவில் ஓர் இடம் காலியாக ஓடுகிறது. அம்மா இருந்தால் விடமாட்டார்.