காதர் பாய் கேட்ட முகவரி

மும்பை தாராவியின் ஓரத்தில், கழிமுகத்தை ஒட்டிய தோல் பட்டறை. உரிமையாளர் காதர் பாய் எங்கள் படிவத்தைத் தொடாமலேயே பார்க்கிறார். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து சதுப்புநிலங்களை ஆராய்கிறோம், உள்ளூர்க்காரர்களும் கூட்டாளிகளாகச் சேர வேண்டும் என்று அவரைப் போலவே திருநெல்வேலிக்காரனான நான் விளக்குகிறேன். நார்வேயிலிருந்து வந்திருக்கும் அன்னா பக்கத்தில் நின்று புன்னகைக்கிறாள்.

“முன்னயும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே வந்து பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போனாவ. பொறவு பட்டறையக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு” என்கிறார். “எம் பேரு, போன் நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் கேட்டிருக்கீய. கூட்டாளின்னா ஒங்க வீடு எனக்குத் தெரிய வேண்டாமா?”

ஒரு நோட்டை நீட்டுகிறார். அன்னா ஆபீஸ் கார்டை எடுக்கிறாள்.

“அது வேண்டாம். வீடு.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் தெரு, கதவு எண், மாடி வரை எழுதித் தருகிறாள்.

அடுத்து நான். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் இவர் என் வாசலில் வந்து நிற்பாரோ? போன வருஷம் காலி செய்த வீட்டின் முகவரியை எழுதுகிறேன்.

அன்னா எழுதியதைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்த்தவர், தமிழில் இருந்த என் வரிகளைப் படித்ததும் முகம் தெளிகிறார்.

“நீங்க நம்ம ஆளு. ஒங்கள நம்பித்தான் போடுதேன்” என்று கையெழுத்திடுகிறார்.