இத்தாலித் தோட்டத்தில் நான் போட்ட சண்டை

போன வருஷம் ஆடி மாதம். ஆடித்தபசு பார்க்க ஊர் உலகமெல்லாம் சங்கரன்கோவிலுக்கு வருகிற நேரத்தில், நான் மட்டும் இத்தாலிக்குப் போனேன். மகள் அந்தத் தேதிக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தாள். அந்த எரிச்சலோடுதான் விமானமே ஏறினேன். நான் பிரசாதமாகக் கொண்டுபோன கோவில் புற்றுமண் பொட்டலத்தை விமான நிலையத்தில் மூன்று பேர் மோந்து பார்த்தார்கள். அது தனிக் கதை.

மருமகனுக்கு அங்கே ஒரு ஒயின் கம்பெனியில் மிஷின் பார்க்கிற வேலை. சேர்ந்து இரண்டு மாதம்தான். முதலாளியம்மா தன் திராட்சைத் தோட்டத்திலேயே வீடும் கொடுத்திருந்தாள். அதனால் மகள் விடிந்ததிலிருந்து, "எம்மா, அதத் தொடாதிய, இங்கன சத்தமாப் பேசாதிய" என்று நச்சரிப்பாள். என்னைப் பெற்றவள்கூட அப்படி அதட்டியதில்லை.

மூன்றாம் நாள், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தோட்டத்துக்குள் நடந்தேன். கண்ணுக்கு எட்டின மட்டும் கொடி. கிணறு இல்லை, குழாய் இல்லை. எங்கள் இளையரசனேந்தல் காடு மாதிரி சுத்த மானாவாரி! சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போனால் நெஞ்சு பதறிவிட்டது. இரண்டு ஆட்கள் பச்சைக் குலைகளைக் கத்தரியால் வெட்டி வெட்டித் தரையில் போட்டுக்கொண்டே போகிறார்கள். கூடையும் இல்லை, சாக்கும் இல்லை. முதலாளிக்குத் தெரியாமல் வெள்ளாமையை அழிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"ஏலே, நாசமாப் போறவனுவளா! பிஞ்சையா வெட்டுதிய?" என்று கையை விரித்துக் கொடிக்கு முன்னால் நின்றேன். பாஷை தெரியாவிட்டால் என்ன, திட்டுவது புரியாதா? வேலை நின்றது. ஒருத்தன் போன் போட்டான். முதலாளியம்மாவே வந்துவிட்டாள். பின்னாலேயே மகள், ஈரத்தலையோடு.

"எம்மா, ஒங்க மருமவன் வேலைக்கு ஒல வச்சிட்டியளே!"

"ஏட்டி, நான் அவ பயிரக் காப்பாத்துதேன். மொதல்ல அதச் சொல்லு."

மகள் அழாத குறையாக அதை இங்கிலீஷில் அவளிடம் சொன்னாள். முதலாளியம்மா என் வயசுக்காரி, கையெல்லாம் காய்ப்பு. கோபப்படவில்லை. ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்து ஏதோ விளக்கினாள்.

"மழை கொறச்சலாம்மா. அம்புட்டுக் குலையவும் விட்டா கொடி தாங்காதாம். பாதிய எடுத்தாத்தான் மிச்சம் நல்லாப் பழுக்குமாம்."

எனக்குச் சுரீரென்றது. பருத்தியில் நான் செய்யாததா? ஒரு குழியில் மூன்று செடி முளைத்தால் இரண்டைப் பிடுங்கி எறிவோமே! காலமெல்லாம் இதே கையால் கலைத்துவிட்டவள்தானே நான்?

"நானும் பருத்தியில இதத்தான் செஞ்சேன், புத்தி கெட்டுப்போய்க் கத்திட்டேன்னு சொல்லுட்டி" என்றேன்.

அதைக் கேட்டதும் முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆளிடமிருந்து கத்தரியை வாங்கி என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு ஒரு வரிசை முழுக்க நான்தான் வெட்டினேன். மருமகன் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், கீழே கிடந்த காயை மடி நிறைய அள்ளி வந்து ஊறுகாய் போட்டேன். அதற்கும் மகள் திட்டினாள்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இப்போதெல்லாம் யாரையாவது ஏச வாயெடுத்தால், என் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். இதே காரியத்தை இந்தக் கையும் எங்கேயாவது செய்திருக்குமோ என்று.