நடவு வரிசையின் நடு இடம்

போன வாரம் எனக்குக் காய்ச்சல். மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல், வேறொன்றுமில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவனுக்குத் தனக்கென்று வரும்போது சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது பாருங்கள். டெங்குவில் ஆரம்பித்துப் பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயம் வரை ஒரு சுற்று போய்விட்டு, என் நாடியை நானே பிடித்தபடி கட்டிலில் கிடந்தேன். மனைவி தெர்மாமீட்டரைப் பார்த்தார். "நூறுதான் இருக்கு. உயிலை நாளைக்கு எழுதிக்கலாம். இப்ப இதைச் சாப்பிடுங்க" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். சூடான பாலில் ஊறிய ரொட்டி.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் காய்ச்சலை மறந்துவிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் காலையில் வார்டு முழுக்க அடிக்கிற வாசனை அது. பாலும் ரொட்டியும், அதன் அடியில் ஃபினாயிலும், ஜன்னல் கம்பியில் காயும் ஈரத் துணியும். தஞ்சாவூரில் மருத்துவம் படித்த நாட்களில், பெண்கள் வார்டுக்குள் நுழையும்போது முதலில் அதுதான் என்னை வரவேற்கும். அதற்குப் பிறகு வரவேற்பது என் பயம். 

பயம் இருந்ததே தவிர பந்தாவுக்குக் குறைவில்லை. வார்டுப் பயிற்சி தொடங்கிய புதிதில் ஸ்டெதஸ்கோப்பைப் பையில் வைக்கலாமில்லையா, கழுத்தில் போட்டுக்கொண்டே டவுன் பஸ்ஸில் ஏறுவேன். ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெரியவர், "டாக்டரய்யா, இந்த முட்டிவலிக்கு என்னதான் செய்யிறது?" என்று கேட்டுவிட்டார். எலும்பியல் பாடத்தை நான் இன்னும் திறந்தே பார்க்கவில்லை. "இதோ என் ஸ்டாப்பிங் வந்துடுச்சு" என்று இறங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து நல்ல தூரம். வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ஸ்டெதஸ்கோப் பைக்குள் போய்விட்டது.

வார்டில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவரிடம் பேசி, பரிசோதித்து, காலையில் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது அவர் முன்னால் எடுத்துச் சொல்ல வேண்டும். சீஃப் என்பது எங்கள் யூனிட்டின் பெரிய டாக்டர். அதிர்ந்து பேசமாட்டார். அதனாலேயே எங்களுக்கு அவரிடம் நடுக்கம் அதிகம். கத்துகிறவர் எப்போது கத்துவார் என்று தெரியும், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு வந்தவர் அஞ்சலை அக்கா. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கிராமம். முப்பதைத் தாண்டியிருக்கலாம், ஒல்லி, பெரிய கண்கள். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அந்த வால்வு வருஷக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி, இப்போது ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டுதான் அதைக் கடக்க முடியும். அப்படிக் கடக்கும்போது ஒரு மெல்லிய உறுமல் கேட்கும். முர்முர் என்போம். அஞ்சலை அக்காவுடைய முர்முர் கல்லூரி முழுக்கப் பிரபலம். மற்ற யூனிட் மாணவர்களெல்லாம் கேட்க வருவார்கள். அவர் அலுத்துக்கொள்ளாமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "அடுத்த ஆளு வாங்க. எங்க ஊரு மாரியம்மன் கோயில்ல கூட இம்புட்டுக் கூட்டம் கிடையாது" என்பார்.

எல்லோருக்கும் கேட்டது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

காதில் மாட்டி அவர் நெஞ்சில் வைத்த மறுநொடி டமடமவென்று ஒரு சத்தம் வரும். சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அது என் இதயம். பதற்றத்தில் அது போடுகிற கூப்பாட்டில் நோயாளியின் இதயம் எங்கே கேட்கும்? பக்கத்தில் நின்ற என் நண்பன், "நல்லாக் கேளுடா, தூரத்துல மாட்டுவண்டி போற மாதிரி" என்பான். எனக்கு வண்டியும் இல்லை, மாடும் இல்லை. அஞ்சலை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நேத்து வந்த கண்ணாடி போட்ட பொண்ணு வச்ச உடனே தலையை ஆட்டிடுச்சு. நீங்க என்ன தம்பி, ரேடியோ ஸ்டேசன் தேடுற மாதிரி தேடுறீங்க?"

அந்த அவமானத்தில்தான் மத்தியானங்களில் வார்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஹாஸ்டலில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். இப்போது மாணவர்கள் என்னிடம் வந்து, வார்டுப் பயிற்சியை எப்படி சார் நல்லாப் பயன்படுத்திக்கிறது என்று கேட்டால், மத்தியானம் போங்கள் என்கிறேன். என்னமோ திட்டம் போட்டுப் படித்தவன் மாதிரி. உண்மையில் பரீட்சை பயத்தில் தூக்கம் வராமல் போனவன் நான். ஆனால் மத்தியான வார்டு வேறு உலகம். டாக்டர்கள் இருக்கமாட்டார்கள், நர்ஸ் அக்கா மருந்துப் புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். கேள்வி கேட்க ஆள் இல்லையென்றதும் நோயாளிகள் தாமாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

அஞ்சலை அக்கா பேசியது முழுக்க வயலைப் பற்றி. சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். தையல்நாயகி என்பவரின் நடவுக் கோஷ்டியில் அவர் ஒரு ஆள். நான் விடாமல் பாடப்புத்தகக் கேள்விக்கே வருவேன். "வேலை செய்யிறப்ப மூச்சு வாங்குதாக்கா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. பொழுதுக்கும் நடுவேன். ஒரு ஆளு நடவைக் குறைச்சு நட்டதே கிடையாது."

அதைத்தான் சீஃப்பிடமும் சொல்லியிருந்தார். வால்வு சுருங்கியிருந்தாலும் வேலை செய்ய முடிகிறதென்றால் அவசரமில்லை, மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம். மூச்சு வாங்குகிறதென்றால் கதை வேறு, சென்னைக்கு அனுப்பி வால்வை அகலப்படுத்தியாக வேண்டும். இன்றைக்குப்போல நெஞ்சில் ஒரு கருவியை வைத்து உடனே திரையில் பார்த்துவிடும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. நோயாளியின் வாய்வார்த்தைதான் பாதி வைத்தியம்.

ஒரு மத்தியானம் அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "தையலு எப்பவும் என்னைய வரிசைக்கு நடுவாலதான் நிறுத்தும்."

என் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று, முன்னால் நட்டபடியே பின்னால் நகர்வார்கள். ஆளுக்குக் கைக்கு எட்டுகிற அகலம். ஒருத்தி பின்தங்கினால் அவள் பங்கில் மட்டும் சேறு வெறுமையாகத் தெரியும், வரப்பில் நிற்கிறவர் பார்த்துவிடுவார். அதனால் முடியாதவளை ஓரத்தில் நிறுத்தமாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கத்துக்காரிகளும் கையை நீட்டி நீட்டி அவள் பங்கிலும் நட்டுவிடுவார்கள். அவள் சும்மா நாலு நாற்றை ஊன்றிக்கொண்டு கூடவே நகர்ந்தால் போதும். வரப்பிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. என் அம்மா நடவுக்குப் போனவர்தான். என் தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மாவை நடுவில்தான் நிறுத்தினார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்கு ரெண்டு பக்கமும் யாருக்கா நிக்கிறாங்க?"

 அவர் போர்வை நுனியை மடித்தார், பிரித்தார். அப்புறம், "நீங்க எந்த ஊரு தம்பி?" என்றார்.

"நீடாமங்கலம் பக்கம்."

"அம்மா நடவுக்குப் போனவுங்களா?"

"ஆமாக்கா."

"அதான் பாத்தேன்" என்றார். குரலைத் தாழ்த்தினார். "வரப்புல ஏறினாலே மூச்சு இளைக்குது தம்பி. ராவுல தலையைத் தூக்கி வச்சுத்தான் படுக்கிறேன். பெரிய டாக்டருகிட்ட சொல்லிடாதீங்க. மெட்ராசுக்கு அனுப்பி நெஞ்சைக் கிழிச்சுடுவாங்க. பொண்ணு சின்னப் புள்ள. நான் போற மாதிரி இருந்தாலும் வீட்டுலயே இருந்து போயிடுறேன்."

அன்று எனக்கு ஹாஸ்டல் சாம்பார் இறங்கவில்லை. வழக்கமாகவே இறங்காது, அன்று காரணம் வேறு. சொன்னால் என்னை நம்பிச் சொன்னவரை ஏமாற்றியவன் ஆவேன். சொல்லாவிட்டால் அந்த வால்வு யாருக்கும் காத்திருக்காது என்று புத்தகம் தெளிவாகவே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், எங்காவது காத்திருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று.

மறுநாள் ரவுண்ட்ஸ். சீஃப் அஞ்சலை அக்காவின் கட்டிலருகே நின்றார். "வேலையெல்லாம் நல்லா செய்யிறாங்க இல்ல? மாத்திரை எழுதி அனுப்பிடலாம்." அஞ்சலை அக்கா முகம் மலர்ந்தது. கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. அப்போது யாரோ "சார்" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்ததால்தான் அது என் குரல் என்று தெரிந்தது.

"எஸ்?"

சீஃப்பிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் நாக்கு அந்தப் பக்கம் ஓடியது. "சார், பேஷன்ட் ஈஸ் ஸ்டாண்டிங் இன் தி மிடில், சார்."

எல்லோரும் பேஷன்ட்டைப் பார்த்தார்கள். பேஷன்ட் ஓரக் கட்டிலில் படுத்திருந்தார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"தமிழ்ல சொல்லுப்பா" என்றார்.

சொன்னேன். நடவு வரிசை, நடு இடம், பக்கத்துக் கைகள், என் அம்மா எல்லாவற்றையும். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.  சீஃப் திரும்பி வந்து, "கொஞ்சம் எழுந்து வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்கம்மா" என்றார். அஞ்சலை அக்கா என்னை முறைத்தபடியே எழுந்து, வேகமாகவே நடந்து போனார். திரும்பி வரும்போது பாதி வழியில் நின்று முந்தானையைச் சரிசெய்தார். அடுத்த கட்டிலருகே மறுபடி நின்று சரிசெய்தார். முந்தானை ஒழுங்காகத்தான் இருந்தது. வந்து உட்கார்ந்தபோது கழுத்து நரம்பு துடிப்பது எங்களுக்கே தெரிந்தது.

"சென்னைக்கு எழுதுங்க" என்றார் சீஃப்.  போகிறபோக்கில் என் தோளை ஒருமுறை தொட்டார்.

அஞ்சலை அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் நான் போனபோதும் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டியோடு மூன்று பெண்கள் வார்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் முன்னால் வந்தவர், நல்ல உயரம், வாசலில் நர்ஸ் அக்காவிடம் விசாரித்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "நடவு சங்கதியைச் சொன்னது நீங்கதானா தம்பி?" என்றார். தையல்நாயகி. தப்பித்து ஓட எந்தக் கதவு பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே, ஆமாம் என்றேன்.

"நல்லாயிருங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறா. எங்களுக்கும் நீட்டி நீட்டித் தோள்பட்டை விட்டுப்போச்சு."

சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது. "ஏண்டி, இத்தனை நாளும் தோளு வலிக்குதுன்னு ஒருத்தியும் சொல்லலியே."

"சொன்னா நீ ஓரத்துக்குப் போயிடுவேல்ல, ரோசக்காரி" என்றார் தையல்நாயகி. அஞ்சலை அக்கா திரும்பினார். அழுதுகொண்டிருந்தார், சிரிக்கவும் செய்தார். பிள்ளையைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக மற்ற இருவரும் சொன்னார்கள். கூடவே சென்னைக்கு வருவதாகத் தையல்நாயகி சொன்னார். நெஞ்சைக் கிழிக்கமாட்டார்கள், தொடையிலிருந்து குழாய் விட்டு ஒரு பலூனை ஊதி வால்வைத் திறப்பார்கள் என்று நான் விளக்கினேன். "பலூனா? திருவிழாவுல விக்கிறதா?" என்று ஆரம்பித்தார்கள். நர்ஸ் அக்கா வந்து அதட்டும்வரை நிற்கவில்லை.

கிளம்புகிற அன்று அஞ்சலை அக்கா என்னைக் கூப்பிட்டார். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "சீக்கிரம் கேட்டுக்குங்க தம்பி. மெட்ராசுக்குப் போனா எடுத்துப்புடுவாங்க" என்றார். வைத்தேன். அன்று என் இதயம் ஏனோ சும்மா இருந்தது. கேட்டது. மாட்டுவண்டி இல்லை. பாதி திறந்த மதகு வழியாகத் தண்ணீர் நெருக்கிக்கொண்டு போகும் சத்தம். தலையை ஆட்டினேன். "அப்பாடி" என்றார் அவர். பரீட்சையில் பாஸானது அவர்தான் என்பதுபோல.

அறுவடையும் முடிந்து, அடுத்த நடவு நடந்துகொண்டிருந்தபோது வெளிநோயாளிப் பிரிவில் வந்து நின்றார். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கையில் மகள். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டேன்.

"என்ன தம்பி, கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

அவர் முகம் மாறியது. "கேக்காம இருந்தாத்தான் நல்லது" என்று அவசரமாகச் சொன்னேன். மூச்சை விட்டுவிட்டு, "இப்ப நான் ஓரத்துல நிக்கிறேன். நடுவுல வேற ஒருத்தி, மாசமா இருக்கா" என்றார்.

அந்த உறுமலை இப்போதெல்லாம் அதிகம் கேட்பதில்லை. மூட்டுக் காய்ச்சல் குறைந்துவிட்டது, சின்ன டாக்டர்கள் பலர் அதைப் போனில் பதிவாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, போகட்டும். நடவும் பெரும்பாலும் மெஷினுக்குப் போய்விட்டது. இடுப்பொடியக் குனிந்த வேலை அது, அதற்காகவும் நான் அழப்போவதில்லை. அந்தப் பழைய கேள்வி மட்டும் என்னை விடவில்லை. என் கிளினிக்குக்கு வரும் பெண்கள் எல்லா வேலையும் நானே செய்யிறேன் டாக்டர், மூச்செல்லாம் வாங்கல என்று சொல்லும்போது, பழக்கதோஷத்தில் கேட்டுவிடுகிறேன்: "பக்கத்துல யாரும்மா நிக்கிறாங்க?"

அவர்கள் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்: "யாரும் இல்லீங்களே டாக்டர். நான் மட்டுந்தான் வந்தேன்."