அண்ணையின் மொபெட்டில் கேட்ட சத்தம்

இயந்திரத்தில் வழக்கமில்லாத சத்தம் கேட்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பின்னர் எளிதான காரணத்திலிருந்து தேட வேண்டும். அண்ணையின் மொபெட்டுடன் வந்த கைநூலில் உள்ள விதி இது. அண்ணை இயந்திரத்தை நிறுத்தவில்லை. எளிதான காரணத்தை விட்டு, எளிதில் அகப்பட்ட மனிதரைப் பிடித்தார்.

கோப்பாயில் வயல் செய்யும் கமக்காரக் குடும்பத்தின் மூத்தவராகப் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்து, பருத்தித்துறையில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர் எங்கள் அண்ணை. தந்தையார் இளவயதில் காலமானதால் எங்களைப் படிப்பித்தவரும் அவரே. பொய் சொல்லமாட்டார், பிறர் சொல்வதை மெய்யென்று நம்பவும் மாட்டார். கடையில் நிறுத்து வாங்கிய சீனியை வீட்டுத் தராசிலும் நிறுப்பார்.

பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் எல்லோரையும் போல அவரும் மொபெட்டை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சில துளி பெற்றோல் விட்டு, மிதித்து மிதித்து உயிர்ப்பித்தால், பிறகு புகைத்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடத் தொடங்கியதை நிறுத்துபவனை ஊர் மடையன் என்றது. பின்னிருக்கையில் பள்ளிக்கூடம் சென்றவர் சக ஆசிரியர் இரத்தினம் மாஸ்டர். வழியில் நின்றால் தள்ளியவரும் அவர்தான். பெற்றோல் தாராளமாக வந்த பின்னரும் அண்ணை, வீட்டு வாசல் படலையில் நின்று கதைக்கும்போதுகூட இயந்திரத்தை நிறுத்தியதில்லை.

ஓய்வுக்குப் பின் ஒருமுறை, மனைவியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இரத்தினம் மாஸ்டர் மொபெட்டை இரவல் வாங்கினார். திரும்பி வந்த நாள்முதல் 'கிணுக், கிணுக்' என்றொரு சத்தம். அண்ணை திருகாணி கழற்றும் திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். கராஜ்காரர் பிஸ்டன்வரை கழற்றிப் பார்த்தும் ஒரு பழுதையும் காணவில்லை. காணவில்லை என்பதே அண்ணைக்குப் போதிய சாட்சியமாயிற்று: நல்ல சாமானை எடுத்துப் பழையதைப் பூட்டிவிட்டார்கள், கராஜ்காரரும் உடந்தை.

"நான் தரேக்கை உந்தச் சத்தம் இல்லை, மாஸ்டர்."

"அப்ப நான் என்னத்தைக் கழட்டினனான் எண்டு கணக்கு வாத்தியார் சொல்லும்."

"அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் உரத்துக் கதைத்தார்கள். ஒழுங்கை முழுவதும் கேட்டது. அதன்பின் இரத்தினம் மாஸ்டர் எங்கள் படலை மிதிக்கவில்லை.

கடைசி நாட்களில் வெளியே எந்த வண்டி நின்றாலும் அண்ணை படுக்கையிலிருந்து, "ஆர், இரத்தினமோ?" என்பார். கூப்பிடட்டோ என்று அண்ணி கேட்டால், சாமானைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாரோ என்று அறியத்தான் கேட்டதாகச் சொல்வார். அண்ணி அதை நம்பவில்லை.

செத்தவீட்டுக்கு அழைப்பில்லை, கேள்விப்பட்டவர் வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இரத்தினம் மாஸ்டர் வரவில்லை. அன்று பந்தலுக்கு இடம்விட நான் மொபெட்டைத் தள்ளினேன். 'கிணுக்' என்றது. ஓடாத இயந்திரம் எப்படிச் சத்தமிடும்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் முன்விளக்கின் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு புதிய ஸ்பார்க் பிளக். சுற்றிய துணி உக்கித் தூளாகியிருந்தது. மண்ணெண்ணெய்க் கரியில் பிளக்குகள் அடிக்கடி செத்த காலத்தில் அண்ணை ஒளித்து, மறந்துபோனது.

"ஆருக்கு ஒளிச்சவர், அண்ணி?"

"இரத்தினம் மாஸ்டருக்குத்தான். தன்ரை தண்ணி இறைக்கிற மிசினுக்குக் கேட்பார் எண்டு." பிறகு சொன்னார்: "அந்த மனிசன் வராமல் திவசம் செய்யேலாது, தம்பி."

திவசத்துக்கு நேரில்தான் சொல்லவேண்டும். பிளக்கோடு, அவர் இப்போது குடியிருக்கும் பருத்தித்துறைக்கு பஸ் ஏறினேன். இரத்தினம் மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதை நீர் பிறகு வைக்கேல்லை எண்டு என்ன நிச்சயம், தம்பி?"

பிளக்கைத் தானே வைத்துக்கொண்டு, 'பாப்பம்' என்று என்னை அனுப்பினார். கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் கடமையாற்றியவனுக்கு அச்சொல்லின் பொருள் தெரியும். நினைவூட்டலும் அனுப்பினேன். பதிலில்லை.

அண்ணையைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவர் யாவருக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒருவருக்காக, இந்த நினைவு மலரை அச்சிடும் அச்சகத்தைக் காத்திருக்கச் சொன்னோம்.

அவர் ஒருநாள் சொல்லாமல் வந்தார். மொபெட்டை ஆட்டினார், சத்தமில்லை. பிளக்கை விளக்குக் கிண்ணத்துள் போட்டு ஆட்டினார். கிணுக். மீண்டும் எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்தார்.

"ஓம், உதுதான்," என்றார் அண்ணியிடம். "திவசத்துக்கு வாறன்."

அவர் வந்த அன்று, இறந்த தந்தையரை நினைந்து விரதமிருக்கும் ஆடி அமாவாசை.