அப்பாவைத் தெற்கே இழுத்த தண்ணீர்

செத்தாலும் கடலூர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லியிருந்தார். கடலூரில் இருக்கிற சித்தப்பா தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. கார்த்திகையில் அப்பா இறந்தார். சித்தப்பா வரவில்லை.

மறுநாள் சாம்பலைக் கரைக்க அம்மாவும் நானும் ஆட்டோவில் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோம். கலயம் என் மடியில் இருந்தது. பாதி வழியில் எனக்கு ஒரு கவலை வந்தது. கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். மேல்தண்ணீரைக் கரையோரமாகத் தெற்கே தள்ளும். தெற்கே கடலூர்.

நான் எட்டாவதோடு நின்றவன். கவலைப்பட அந்தப் படிப்பு போதும். மற்றதைப் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

படகுக்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தை விட்ட கூட்டாளி.

"தண்ணி எந்தப் பக்கம்டா இழுக்குது?" என்று கேட்டேன்.

"தெக்கால. ஏன், நீந்தப் போறியா?"

"அப்பா கடலூருக்குப் போயிடுவாருடா."

"பஸ்சுகூட அவ்ளோ நேராப் போவாது" என்றான்.

"அடியில வேற தண்ணி ஓடுமாம். குளுந்த தண்ணி, உப்பு கூடுன தண்ணி, ரெண்டும் கனமாம். கீழ எறங்கி அது வழியில போவுமாம்."

"எங்க போவும்?"

"தெரியல. ஆனா ரொம்ப மெதுவாப் போவும். கடலூருக்கே போனாலும் அதுக்குள்ள சித்தப்பா இருக்க மாட்டாரு."

அவன் ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்தான். கலயத்தின் வாயைத் துணியால் மூடி, கழுத்தில் கல்லைக் கட்டினோம். அம்மா கரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் படகில் கடலுக்குள் போனோம்.

கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். போட்டேன். பார்த்தேன். கலயம் முழுகிவிட்டது. ஆனால் துணி அவிழ்ந்து சாம்பல் மேலே வந்துவிட்டது. முதல்நாள் பெய்த மழைத்தண்ணீர், உப்பில்லாததால் இலேசாகி, கடல்மேல் கலங்கலாகக் கிடந்தது. சாம்பல் அதன்மேல் பரவித் தெற்கே கிளம்பியது. அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் அம்மா கேட்டார். "எந்தப் பக்கம் போனாரு?"

"எலும்பு அடியில போயிடுச்சும்மா. சாம்பல்தான் கொஞ்சம்..."

"கடலூர் பக்கம்மா" என்றான் கூட்டாளி. அவனை யாரும் கேட்கவில்லை.

அம்மா கடலைப் பார்த்தார். "அந்தத் தண்ணி திரும்பி வருமாடா?"

"வரும்மா. மாசி, பங்குனில காத்து தெக்கால இருந்து அடிக்கும். தண்ணி வடக்க ஏறும்."

"அப்போ போவட்டும். தம்பிதான் வரல. இவராவது ஒரு எட்டு பாத்துட்டு வரட்டும்" என்று மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

வடக்கே ஏறுகிற தண்ணீர் புதுச்சேரியில் நிற்காது என்பதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அடுத்தது மரக்காணம். அங்கே அப்பாவுக்கு யாரோடும் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.