அடைத்த துவாரங்கள்

திகன பளீல் பாஸ் கட்டிய சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்பார்கள். முப்பது வருட மேசன் வேலையில் அவர் எடுத்த பெயர் அது.

மூன்று வருடங்களுக்கு முன் கலஹாவில் யசோதா டீச்சரின் வீட்டுக்கு வர்ணம் பூசப் போயிருந்தார். வீட்டின் பின்னால் மண்மேட்டைத் தாங்கி நின்ற பழைய மதிலில், மழைநீர் வடியத் துவாரங்கள் விட்டிருந்தார்கள். அவற்றில் கசிந்த செம்மண் தண்ணீர் புது வர்ணத்தில் கறையாய் இறங்கியது.

"இது வடிவில்ல டீச்சர், அடைச்சு விடுறேன்" என்று சொன்னவர் பளீல்தான். டீச்சரும் சரி என்றார். துவாரங்கள் எதற்கென்று பளீலுக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை காலம் நின்ற மதில்தானே என்று நினைத்துவிட்டார். மழை முன்புபோல் இல்லாமல் இப்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

போன கார்த்திகையில் ஒரு மாதத்து மழை இரண்டே நாளில் கொட்டியது. மதில் வயிறு தள்ளிச் சமையலறைக்குள் சரிந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த டீச்சரின் கணவர் தனபாலனுக்குக் கால் முறிந்தது.

மண் அள்ளப் பளீலும் போனார். சேதம் பார்க்க வந்த அதிகாரி, "தண்ணி போக வழியே இல்லையே, யார் அடைச்சது?" என்று கேட்டார்.

"அப்பா காலத்து மதிலுங்க சேர், பழசாப் போச்சு" என்றார் யசோதா.

பளீல் மண்வெட்டியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். மதியம் டீச்சர் சோறு போட்டு, "இந்த நேரத்துல வந்தீங்களே பாஸ்" என்றபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டில் மனைவி ஹிதாயாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அவங்கட சோத்தையும் தின்டுட்டா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையிலேயே மீண்டும் கலஹாவுக்குப் போனார்.

"டீச்சர், அந்த ஓட்டையெல்லாம் நான்தான் அடைச்ச. நேத்து கேட்டப்ப சொல்லாம நின்டுட்டேன்."

யசோதா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார். "எனக்கு நெனப்பிருக்கு பாஸ். நாலு பேரு முன்னால ஒங்கள விட்டுக்கொடுக்க மனசு வரல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

புது மதிலுக்கு டீச்சர் வேறு மேசனைப் பிடித்துவிட்டார். பளீல் ஏன் என்று கேட்கவில்லை. திகனயிலும் தெல்தோட்டையிலும் தான் அப்படிப் பூசி மறைத்த மதில்களைத் தேடிப் போய், காரணத்தைச் சொல்லி, ஒவ்வொன்றாகத் துளைத்துத் திறந்தார். இரண்டு வீட்டில் வாசல் கேற்றைத் திறக்கவில்லை.

ஒருநாள் பேராதனை பஸ் தரிப்பிடத்தில் தனபாலன் ஊன்றுகோலோடு நிற்பதைக் கண்டார். கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசத்தான் பெஞ்சிலிருந்து எழுந்தார். துணிவு வரவில்லை. வந்த பஸ்ஸில் ஏறி, தனபாலன் கண்ணில் படாத மறுபக்க ஜன்னலோரமாய் உட்கார்ந்துகொண்டார்.